சல்வத்தோர் ரோசாவின் ‘ரெகுலஸ்’ எட்சிங்: அந்தப் பீப்பாய்க்குள் இருப்பது யார்?

கரிக்கோடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அச்சுப்படங்களுக்கான இந்தப் பகுதியில் ரெம்ப்ராண்ட் பற்றியும் ட்யூரர் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறோம். சல்வத்தோர் ரோசாவுக்கு ஒரு இழைகூட இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஓவியர் அவர். நேப்பிள்ஸில் 1615இல் பிறந்து, ரோமில் 1673இல் இறந்தவர். கவிஞர், அங்கதக்காரர், மேடையில் நடித்தவர், யாருக்கும் பணியாத வாய் உள்ளவர். அவருடைய பெரிய எட்சிங்குகளில் (செப்புத்தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படங்கள்) ஒன்றைப் பற்றி உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

படம் 1662 வாக்கில் செய்யப்பட்டது. ரோமானியத் தளபதி மார்க்கஸ் அட்டீலியஸ் ரெகுலஸை, ரோமின் எதிரியான வட ஆப்பிரிக்க நகரம் கார்த்தேஜின் ஆட்கள் ஆணி அடித்த பீப்பாய்க்குள் அடைத்துக் கொல்லும் காட்சி. அகலம் ஏறக்குறைய 72 செ.மீ., உயரம் 47 செ.மீ. இருக்கும். எட்சிங்குக்கு இது பெரிய அளவு. அருங்காட்சியகத் தளங்களில் நல்ல தெளிவோடு ஏற்றி வைத்திருக்கிறார்கள். பெரிதாக்கிப் பாருங்கள், சின்னத் திரையில் ஒரு கூட்டம் மட்டும்தான் தெரியும்.

முதலில் பார்த்தபோது ரெகுலஸைத் தேட வேண்டியிருந்தது. படத்தின் நாயகன் அவர். ஆனால் உடம்பின் பெரும்பகுதி பீப்பாய்க்குள் மறைந்துவிட்டது. நம் கண்ணில் படுவது அவரைச் சுற்றி நடக்கும் வேலை. ஆணி அடிக்கிறார்கள், பிடித்துக்கொள்கிறார்கள், சுற்றி நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள். ஒரு தச்சுப்பட்டறையில் எப்படிக் கவனமாகக் குனிந்து வேலை செய்வார்களோ அதே கவனம் அந்த முதுகுகளில் இருக்கிறது. ரத்தம் கிடையாது. கொடுமை இன்னும் நடக்கவில்லை, நடக்கப் போகிறது. அதற்கான ஏற்பாட்டைத்தான் ரோசா காட்டுகிறார்.

வன்முறையை வரைந்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். ரோசா வளர்ந்த நேப்பிள்ஸில் ஓவியர் ரிபேரா இருந்தார். அவருடைய 1624ஆம் ஆண்டு எட்சிங்கில் புனித பர்த்தலோமேயுவின் தோலை உரிப்பது அப்படியே கண்முன் நிற்கும். ரிபேரா வலிக்கிற உடம்பை வரைகிறார். ரோசா இந்தப் படத்தில் அந்த உடம்பை நம்மிடமிருந்து எடுத்து ஒளித்துவிட்டு, கொல்கிறவர்களையும் வேடிக்கை பார்க்கிறவர்களையும் முன்னால் நிறுத்துகிறார். என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் பலம் முழுவதும் அந்த முடிவில்தான் இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தென்னங்கீற்று எழுதியது:

பெரிதாக்கிப் பார்த்தேன். மனசு சங்கடப்படுகிறது. ஒரு மனிதனை ஆணிப் பீப்பாயில் அடைப்பதை இவ்வளவு அழகாக வரைய வேண்டுமா? வாங்கிச் சுவரில் மாட்டியிருப்பார்கள்தானே?

இன்னொன்று, ரெகுலஸ் யார் என்றே எனக்குத் தெரியாது. என்ன குற்றம் செய்தார்? யாராவது கதையைச் சொல்லுங்கள்.

பழங்கதைப்பிரியன் எழுதியது:

சொல்கிறேன் அம்மா. ரோமானியர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்த்த கதை இது.

முதல் பியூனிக் போர். சிசிலியை முன்னிட்டு ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் கி.மு. 264இல் தொடங்கி 241 வரை நீண்ட போர். கி.மு. 256இல் ரெகுலஸ் ஒரு கான்சல், அதாவது ரோமின் ஆண்டுத் தலைவர்கள் இருவரில் ஒருவர். எக்னோமஸ் முனை அருகே கார்த்தேஜ் கடற்படையை உடைத்துவிட்டு ரோமானியர்கள் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கினார்கள். பிறகு செனட் பெரும்படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ரெகுலஸ் 40 கப்பல்கள், 15,000 காலாட்கள், 500 குதிரைவீரர்களோடு அங்கேயே தங்கினார். மளமளவென்று வெற்றி. கார்த்தேஜ் சமாதானம் கேட்டு வந்தது. அவர் விதித்த நிபந்தனைகள் அவ்வளவு கடுமை. தோற்று அடிமையானாலும் இதைவிட மோசமாக இருக்காது என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அப்போது ஸ்பார்ட்டாவிலிருந்து ஸாந்திப்பஸ் என்ற கூலிப்படைத் தலைவன் வந்து கார்த்தேஜ் படைக்குப் பயிற்சி கொடுத்தான். மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் சண்டை போடுங்கள், யானையும் குதிரையும் அங்கேதான் உதவும் என்றான். கி.மு. 255இல் ஏறக்குறைய 100 யானைகள் ரோமானிய அணியை மிதித்துக்கொண்டு போயின. 2,000 பேர் தப்பினார்கள். ரெகுலஸும் 500 பேரும் பிடிபட்டார்கள்.

இனிமேல்தான் கதை. சில ஆண்டுகள் சிறையில் இருந்தபின் கார்த்தேஜ் அவரைத் தூதராக ரோமுக்கு அனுப்புகிறது. கைதிகளை மாற்றிக்கொள்ளலாம், முடிந்தால் சமாதானமும் பேசு. காரியம் நடக்காவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறார்கள். ரோமுக்கு வந்தவர் செனட்டில் எழுந்து, ஒப்புக்கொள்ளாதீர்கள், அந்த இளம் கைதிகளை விடாதீர்கள், நான் கிழவன், என்னால் இனி உங்களுக்குப் பயனில்லை என்கிறார். பிறகு செய்த சத்தியத்தின்படி கார்த்தேஜுக்கே கப்பல் ஏறுகிறார்.

ரோமானியக் கவிஞர் ஹோரஸின் பாட்டு ஒன்றில் அந்தப் புறப்பாடு வரும். மனைவியின் முத்தத்தை விலக்குகிறார், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துகிறார், தரையைப் பார்த்தபடி நிற்கிறார். அங்கே தனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தே போகிறார். ஆனாலும், வழக்கு வேலையெல்லாம் முடித்துவிட்டு ஊர்ப்பக்கம் ஓய்வெடுக்கப் போகிற மனிதரைப்போல அவ்வளவு சாதாரணமாக நடக்கிறார். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

கார்த்தேஜில் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ரோசா வரைந்தது அந்த முடிவை. கேட்டீர்களே, குற்றம் என்ன என்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதுதான்.

அமிலத்தொட்டி எழுதியது:

கதையை நண்பர் சொல்லிவிட்டார். நான் தகட்டைப் பற்றிச் சொல்கிறேன். எட்சிங் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்புத்தகட்டின் மேல் மெழுகும் பிசினும் சேர்ந்த பூச்சைத் தடவுகிறோம். அதை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்குகிறோம். பிறகு ஊசியால் கீறினால் பூச்சு விலகிச் செம்பு பளிச்சென்று தெரியும். தகட்டை அமிலத்தில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு ஆழம். ஆழமான கோட்டில் மை அதிகம் தங்கும், அச்சில் கறுப்பாக விழும். மெல்லிய கோடு வேண்டிய இடத்தைச் சீக்கிரமே வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மற்ற இடங்களை மறுபடி அமிலத்துக்கு அனுப்ப வேண்டும். தூரத்துக் குன்று வெளிறியும் முன்னால் நிற்கிறவன் கறுத்தும் தெரிவது இந்த நேரக்கணக்கால்தான். 1645லேயே ஆப்ரகாம் போஸ் இந்த முறைகளை எல்லாம் விளக்கி பிரெஞ்சில் ஒரு கைநூல் வெளியிட்டுவிட்டார். ரோசா காலத்தில் இது ஊரறிந்த தொழில்.

ரோசாவிடம் நான் ரசிப்பது அவர் கோடு. ஒரே சீராக, இணையாக, செதுக்குவேலைக்காரனைப்போல அவர் போடவே மாட்டார். கொக்கி கொக்கியாக, சின்னச் சின்னதாக, பேனாவால் அவசரமாக எழுதியதுபோல இருக்கும். ஒரு துணிமடிப்பைப் பாருங்கள். நாலைந்து வளைகோடு, அதற்குமேல் குறுக்கே ஒரு வீச்சு, முடிந்தது. மிச்சத்தை வெறும் காகிதத்துக்கு விட்டுவிடுகிறார். இதற்கு முன் 1656–57 வாக்கில் சிப்பாய்கள், நின்றும் உட்கார்ந்தும் இருக்கிற ஆட்கள் என்று 62 சின்னத் தகடுகள் செய்து, கார்லோ தெ ரோஸி என்ற நண்பருக்கு அர்ப்பணித்தார். ஒற்றை ஆள், இரண்டு மூன்று பேர், அவ்வளவுதான் ஒவ்வொன்றிலும். அந்தத் தகடுகளில் பழகிய கை ரெகுலஸ் படத்தில் ஒரு கூட்டத்தையே நிறுத்துகிறது. ஈட்டியில் சாய்ந்து நிற்கிறவன், முதுகு காட்டி நிற்கிறவன், இவர்களை எல்லாம் நாம் ஏற்கெனவே அந்த 62இல் சந்தித்த மாதிரி இருக்கும்.

அமிலவேலை முடிந்தபின் ட்ரைபாயிண்டும் சேர்த்திருக்கிறார். அதாவது அமிலமே இல்லாமல் ஊசியால் நேராகச் செம்பைக் கீறுவது. கீறும்போது ஓரத்தில் எழும் பிசிறில் மை ஒட்டிக்கொண்டு வெல்வெட் மாதிரி ஒரு கருமை வரும். அந்தப் பிசிறு அச்சடிக்க அடிக்கத் தேய்ந்துபோகும். அதனால் முதலில் எடுத்த படிகளுக்கும் பின்னால் எடுத்தவற்றுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இணையத்தில் பார்க்கிறவர்கள் ஒரே படியைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

இளந்தளிர் எழுதியது:

சார், நான் நுண்கலை மாணவி. எங்கள் வகுப்பில் உள்ளங்கை அளவு தகட்டுக்கே அமிலம் சீராகப் பிடிக்காமல் தவிக்கிறோம். 72 செ.மீ. தகட்டை எப்படி அமிலத்தில் போட்டிருப்பார்கள்? அவ்வளவு பெரிய தொட்டி இருந்ததா? அச்சு எடுத்தபின் படம் இடவலம் மாறுமே, அதையும் எப்படிச் சமாளித்தார்?

அமிலத்தொட்டி எழுதியது:

நல்ல கேள்வி தங்கச்சி. தொட்டி இல்லாமலே செய்யலாம். தகட்டின் ஓரம் முழுக்க மெழுகால் வரப்பு கட்டி, தகட்டையே ஒரு தட்டாக்கி, அதில் அமிலத்தை ஊற்றுவது பழைய வழி. தகட்டைச் சாய்த்து நிறுத்தி மேலிருந்து அமிலத்தைத் திரும்பத் திரும்ப ஊற்றுவது இன்னொன்று. போஸின் கைநூலில் அதற்கான படமே உண்டு. ரோசா இவற்றில் எதைச் செய்தாலும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோடுகளில் குமிழி கட்டும், அதை இறகால் தடவி விலக்க வேண்டும். நீ தவிக்கிறது குமிழியால் இருக்கலாம், ஒரு கோழி இறகு எடுத்துப் பார்.

இடவலம் மாறுவது எல்லோருக்கும் உள்ள பாடு. வரைவைத் திருப்பி வைத்துத் தகட்டுக்கு மாற்றலாம், கண்ணாடியில் பார்த்து வரையலாம். கையெழுத்தைக் கட்டாயம் திருப்பித்தான் எழுத வேண்டும்.

எதிர்வழக்கு எழுதியது:

தகட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் அருமை. கதையைப் பற்றி நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

முதல் பியூனிக் போருக்கு நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த சாட்சி கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். போருக்கு ஒரு நூற்றாண்டு கழித்து எழுதியவர். ரோமின் பெரிய குடும்பங்களோடு பழகியவர், கி.மு. 146இல் கார்த்தேஜ் எரிந்தபோது ரோமானியத் தளபதி சிபியோவோடு நேரில் இருந்தவர். ரெகுலஸ் பிடிபட்டதை அவர் விரிவாக எழுதுகிறார். நேற்றுவரை தோற்றவர்களுக்கு இரக்கமே காட்டாதவன் இன்று தன் உயிருக்காக அவர்களிடமே கெஞ்ச வேண்டிய நிலைக்கு வந்தான், விதியை நம்பாதே என்று பாடம்கூடச் சொல்கிறார். அதோடு சரி. தூது போனதைப் பற்றியோ, சத்தியத்தைப் பற்றியோ, பீப்பாயைப் பற்றியோ ஒரு வார்த்தையும் இல்லை. இப்படி ஒரு கதை அவர் காதில் விழுந்திருந்தால் விட்டிருப்பாரா?

பின்னால் வந்தவர்களைப் பாருங்கள். சித்திரவதை ஆளுக்கொரு விதமாக இருக்கிறது. ரோமானியப் பேச்சாளர் சிசரோ, தூங்கவிடாமல் கொன்றார்கள் என்கிறார். ரோமானிய எழுத்தாளர் ஔலுஸ் கெல்லியஸ் பழைய ஆசிரியர்களைத் தொகுத்துத் தருகிறார்; அதில் ஒருவர், இருட்டறையில் நெடுநாள் வைத்திருந்து திடீரென்று வெயிலில் நிறுத்தி, இமை மூட முடியாமல் தைத்துவிட்டார்கள் என்கிறார். புனித அகுஸ்தினார், நிற்க மட்டுமே இடமுள்ள ஒரு மரப்பெட்டி, நாலாபுறமும் ஆணி, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குத்தும் என்கிறார். பீப்பாயைப் படுக்கவைத்து உருட்டினார்கள் என்பது இன்னும் பின்னால் வந்த கற்பனை.

இப்போது முக்கியமான இடம். கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸின் நூலில் எஞ்சியிருக்கும் ஒரு பகுதி இப்படிச் சொல்கிறது. ரோமில் போடோஸ்டார், ஹமில்கார் என்ற இரண்டு கார்த்தேஜ் கைதிகள் ரெகுலஸின் குடும்பத்தாரிடம் இருந்தார்கள். கணவன் சிறையில் கவனிப்பாரற்று இறந்துவிட்டான் என்று நினைத்த மனைவி, பிள்ளைகளை ஏவி இருவரையும் ஒரு குறுகிய அறையில் சுருண்டு கிடக்கும்படி அடைத்தாள். சோறு இல்லை. போடோஸ்டார் செத்துப்போனான். ஹமில்கார் அந்தப் பிணத்தோடு ஐந்து நாள் கிடந்தான். வீட்டு வேலைக்காரர்கள் பொறுக்க முடியாமல் ட்ரிப்யூன்களிடம் (மக்கள் நலன் காக்கும் அதிகாரிகள்) போய்ச் சொன்னார்கள். அட்டீலியஸ் குடும்பத்துக்கு மரணதண்டனை விழும் அளவுக்குப் போயிற்று. பிள்ளைகள் பழியைத் தாய்மேல் போட்டார்கள், இறந்தவனை எரித்துச் சாம்பலை அவன் உறவினருக்கு அனுப்பினார்கள், ஹமில்காரைத் தேற்றி எழுப்பினார்கள்.

இதோடு கெல்லியஸ் தரும் இன்னொரு செய்தியைச் சேர்த்துப் படியுங்கள். கார்த்தேஜின் உயர்குடிக் கைதிகள் ரெகுலஸின் பிள்ளைகளிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களை உள்ளே முள்முனைகள் பதித்த பெட்டியில் அடைத்துத் தூக்கமில்லாமல் கொன்றார்கள். ஆக, முள்முனைப் பெட்டி ரோமில், ரெகுலஸின் மகன்கள் கையில் இருக்கிறது!

குடும்பம் செய்த கொடுமையை நியாயப்படுத்த, அதே கொடுமை முதலில் அவருக்குத்தான் நடந்தது என்று கதை கட்டியிருக்க வேண்டும் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ரெகுலஸ் பெரும்பாலும் சிறையில் நோய்வாய்ப்பட்டோ கவனிப்பின்றியோ இறந்திருப்பார்.

கரிக்கோடு கேட்ட கேள்விக்கு என் பதில் இது: அந்தப் பீப்பாய்க்குள் ரோசா வரைந்திருக்க வேண்டியது போடோஸ்டாரையும் ஹமில்காரையும்தான்.

தென்னங்கீற்று எழுதியது:

இதைப் படித்தபின் படத்தைத் திரும்பப் பார்க்க முடியவில்லை.

அப்படியானால் இது என்ன? வென்றவர்கள் தோற்றவர்கள்மேல் போட்ட பழி. கார்த்தேஜ்காரர்களின் நூல்களோ வரலாறோ நம்மிடம் இல்லை, பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. 1,900 ஆண்டு கழித்து ஒரு பெரிய கலைஞர் அந்தப் பழியைச் செம்பில் கீறி, நூற்றுக்கணக்கில் அச்சடித்து ஐரோப்பா முழுக்க அனுப்புகிறார். போடோஸ்டாருக்கு ஒரு படம் உண்டா? யாராவது வரைந்திருக்கிறார்களா? பிணத்தோடு ஐந்து நாள் கிடந்தவனுக்கு ஒரு கோடுகூட இல்லை. கொக்கிக்கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அது உறுத்துகிறது.

அந்த வேலைக்காரர்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எஜமானி வீட்டில் நடப்பதை அதிகாரிகளிடம் போய்ச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பீப்பாயைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரில் ஒருவரும் அப்படிச் செய்யவில்லை.

கரிக்கோடு எழுதியது:

எதிர்வழக்கு, டியோடோரஸ் பகுதியைத் தந்ததற்கு நன்றி. தென்னங்கீற்று, உங்கள் உறுத்தல் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ரோசாவைக் கார்த்தேஜ் எதிர்ப்புப் பிரச்சாரகர் வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

ரோமைப் புகழ வேண்டும் என்று ஒருவர் இந்தக் கதையை எடுத்தால் எதை வரைவார்? பழங்கதைப்பிரியன் சொன்ன அந்த விடைபெறும் காட்சியை வரைவார். நிமிர்ந்து நிற்கும் ரெகுலஸ், காலைப் பிடித்து அழும் மனைவி, பின்னால் கப்பல். வீரம், தியாகம் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். பின்னால் வந்த ஓவியர்கள் பலர் அதைத்தான் எடுத்தார்கள். ரோசா எடுத்தது கதையில் மிகவும் அசிங்கமான நேரத்தை. அதில் ரெகுலஸுக்கு ஒரு வீரமான தோரணைக்குக்கூட இடம் இல்லை. செனட் இல்லை, பேச்சு இல்லை. ஒரு மனிதனும் அவனைச் சுற்றி ஒரு கூட்டமும்.

ரோசாவின் வாழ்க்கையையும் கொஞ்சம் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் காட்சியை அவர் முதலில் எண்ணெய் வண்ணத்தில் 1650–52 வாக்கில் வரைந்தார். அந்த ஓவியம் இப்போது அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரில், வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது வரைவதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1647 ஜூலையில், நேப்பிள்ஸில் வரிச்சுமை தாங்காமல் மக்கள் எழுந்தார்கள். மீன் விற்ற மசனியெல்லோவைத் தலைவனாகத் தூக்கிவைத்தார்கள். பத்து நாளுக்குள் அவன் கொல்லப்பட்டான், உடம்பை இழிவு செய்தார்கள், மறுநாளே அதே ஊர் அவனைத் தியாகியாக்கி ஊர்வலம் விட்டது. ரோசா அந்த எழுச்சியில் வாளெடுத்துச் சண்டை போட்டார் என்று பின்னால் கட்டிய கதையை நம்ப வேண்டாம், அப்போது அவர் ஃப்ளாரன்ஸில் இருந்தார். ஆனால் போரைப் பற்றிய தன் அங்கதக் கவிதையில் மசனியெல்லோவைக் கொண்டுவருகிறார். கூட்டம் என்ன செய்யும் என்பது அவர் மனதை அரித்துக்கொண்டிருந்த விஷயம். அது இந்தப் படத்திலும் இருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

அப்புறம் 1656. கொள்ளைநோய் நேப்பிள்ஸைச் சூறையாடியது. ரோசாவின் மகன் ரொசால்வோ, சகோதரன், சகோதரி குடும்பம் என்று எல்லோரும் போனார்கள். இந்த எட்சிங் அதற்கு ஆறு ஆண்டுகள் பின்னால் வருகிறது. இதனால் அது வந்தது என்று நான் நூல் பிடிக்கவில்லை. ஆனால் அந்த இழப்புக்குப் பிறகு ஒரு மனிதன் பழைய ஓவியத்தை எடுத்து, அதையே மறுபடி கோடு கோடாகச் செம்பில் கீறினான் என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் சின்ன நிலக்காட்சி கேட்டார்கள், பாறை, மரம், கடற்கரை. அதில் அவருக்குக் கோபம். தான் வரலாற்றையும் தத்துவத்தையும் வரைகிறவன் என்று உலகம் அறிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஓவியம் ஒரு வீட்டுச் சுவரில் தங்கிவிடும். எட்சிங் ஊர் ஊராகப் போகும்.

பழங்கதைப்பிரியன் எழுதியது:

எதிர்வழக்கு சொன்ன ஆதாரங்களை நான் மறுக்கவில்லை, எல்லாம் படித்தவைதான். ஆனால் பொலிபியஸ் சொல்லவில்லை என்பதிலிருந்து எதுவுமே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. தூது போனதும் திரும்பியதும் நடந்திருக்கலாம், சித்திரவதை மட்டும் பின்னால் ஒட்டியதாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கதையை சிசரோ எதற்காக எடுத்தார் என்று பாருங்கள். கி.மு. 44இல், சீசர் கொலையான ஆண்டில், மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதுகிறார். எதிரிக்குக் கொடுத்த சத்தியம் செல்லுமா, பயத்தில் கொடுத்த வாக்கு கட்டுப்படுத்துமா என்று விவாதித்து, செல்லும் என்று முடிக்கிறார். தூங்கவிடாமல் கொல்லப்பட்ட அந்த நேரத்திலும், பொய்ச்சத்தியம் செய்த முன்னாள் கான்சலாக வீட்டில் இருந்திருப்பதைவிட ரெகுலஸ் நல்ல நிலையில்தான் இருந்தார் என்கிறார். இதில் கார்த்தேஜ்மேல் வெறுப்பு எங்கே? கேள்வி முழுக்க ரோமானியனைப் பார்த்துத்தான்.

அகுஸ்தினார் எடுத்த விதம் இன்னும் வேறு. 410இல் ரோம் சூறையாடப்பட்டது. கிறிஸ்தவர்கள் பழைய தெய்வங்களைக் கைவிட்டதால்தான் இந்தக் கதி என்று பேச்சு எழுந்தது. அவர் கேட்டார்: தெய்வங்கள் பெயரில் செய்த சத்தியத்தைக் காப்பாற்றிய ரெகுலஸை அந்தத் தெய்வங்கள் காப்பாற்றினவா? கேட்டவர் வட ஆப்பிரிக்காவில் பிறந்து, கார்த்தேஜிலேயே படித்தவர். ரெகுலஸைப் புகழ்ந்தவர்கள் எல்லோரும் கார்த்தேஜைத் தூற்றுவதற்காகவே செய்தார்கள் என்று சொன்னால் இவரை எங்கே வைப்பது?

எதிர்வழக்கு எழுதியது:

தூதும் சித்திரவதையும் தனித்தனி என்பது நியாயமான வாதம், ஏற்கிறேன். ஆனால் ரோசா வரைந்தது சித்திரவதையை, ஆதாரம் மிகவும் பலவீனமான பகுதியை. அதை நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கரிக்கோடுக்கு ஒன்று. ரெகுலஸைத் தனியாகப் பார்க்காதீர்கள். அதே 1662 வாக்கில், அதே பெரிய அளவில், ரோசா இன்னொரு தகடும் செய்தார்: சாமோஸ் தீவின் சர்வாதிகாரி பொலிகிரடீஸ் சிலுவையில் தொங்கும் காட்சி. தொட்டதெல்லாம் துலங்கிய ஆள் அவன். துக்கம் ஒன்றாவது இருக்கட்டும் என்று கடலில் வீசிய மோதிரம்கூட மீன் வயிற்றில் திரும்பி வந்தது. கடைசியில் பாரசீக ஆளுநன் ஒரோய்ட்டீஸ் ஆசை காட்டி வரவழைத்துக் கொன்றான். அவன் எப்படிக் கொல்லப்பட்டான் என்பதை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதவே மறுத்துவிட்டு, பிறகு சிலுவையில் ஏற்றினார்கள் என்று மட்டும் சொல்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒருவன் அதிர்ஷ்டத்தை நம்பிப் போய் மாட்டிக்கொண்டவன், மற்றவன் தெரிந்தே போனவன். பொலிபியஸ் ரெகுலஸ் பற்றி எழுதிய அந்தப் பாடமும் விதியைப் பற்றியதுதான் என்று முன்பே சொன்னேன். ரோசா 1659 வாக்கில் அதிர்ஷ்ட தேவதை தன் செல்வத்தை மிருகங்கள்மேல் கொட்டுவதாக ஒரு ஓவியம் வரைந்து ரோமில் பெரிய வம்பில் மாட்டிக்கொண்டவர். இந்தக் கோணத்தில் வந்தால் எனக்கு அந்தப் படத்தோடு சண்டை குறைகிறது.

இளந்தளிர் எழுதியது:

பொலிகிரடீஸ் படத்தையும் எடுத்துப் பார்த்தேன். அதில் கொல்லப்பட்டவன் உயரத்தில், எல்லோரும் அண்ணாந்து பார்க்கும்படி இருக்கிறான். ரெகுலஸில் எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். இரண்டிலும் கூட்டம் ஒன்றுதான், கழுத்து மட்டும் வேறு பக்கம் போகிறது.

கூடவே அச்சுக்கலைஞர் ழாக் கலோவின் ‘போரின் பெரும் துயரங்கள்’ தொகுப்பும் ஞாபகம் வந்தது. 1633, மொத்தம் 18 தகடுகள். ஒரே மரத்தில் வரிசையாகத் தூக்கில் தொங்கும் ஆட்கள். அங்கேயும் சுற்றி நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் எறும்பு அளவு, தூரத்தில். முகம் தெரியாது. ரோசா நம்மைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்துகிறார். அது எனக்குப் பயமாகவும் இருக்கிறது, வரைந்து பார்க்க வேண்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது.

தென்னங்கீற்று எழுதியது:

கழுத்தைப் பற்றி நீ சொன்னபின் மறுபடி திறந்தேன் கண்ணு. சரிதான். ரோசாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை விட்டுவிடுகிறேன். ஆனால் போடோஸ்டார் பெயர் இல்லாமல் இந்தப் படத்தை இனி யாருக்கும் காட்ட மாட்டேன். அருங்காட்சியகத்தில் விளக்கப் பலகை எழுதுகிறவர்களும் அந்தப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அமிலத்தொட்டி எழுதியது:

நானும் அதே கட்சி அம்மா.

தங்கச்சி, வரையப் போகிறாய் என்றால் கூட்டத்தை முழுதாக எடுக்காதே. ஒரே ஒரு முதுகை எடு, ஆணி அடிக்கிறவனுடைய முதுகை. உன் உள்ளங்கைத் தகடு அதற்குப் போதும். முதல் முறை அமிலத்தில் கொஞ்ச நேரம் மட்டும் விட்டு எடு, தோள்பட்டை வெளிச்சத்தை மூடு, பிறகு நிழல் பக்கத்தை மட்டும் திரும்ப அனுப்பு. ரோசா எங்கே கோடு போடாமல் விட்டார் என்று பார்த்துப் பார்த்துச் செய். அச்சு எடுத்ததும் இங்கேயே போடு, எல்லோரும் பார்க்கிறோம்.